ஐயப்பன்தாங்கலில் இருந்து ராக்கெட் பார்க்கப் போகலாமா?

ஐயப்பன்தாங்கல் பக்கம் ஒருநாள் பயணம் என்றால் காஞ்சிபுரம், திருவள்ளூர், மிஞ்சினால் மாமல்லபுரம். ராக்கெட் ஏவும் நாளாகப் பார்த்து ஒருமுறை ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போய் வாருங்கள். காரில் இடமிருந்தால், உங்கள் தெருவில் படிக்கும் பெண் பிள்ளைகள் இரண்டு பேரையும் அவர்களுடைய அம்மாவிடம் சொல்லி அழைத்துப் போங்கள்.

போரூரில் பைபாஸ் ஏறினால் அம்பத்தூர், புழல், கும்மிடிப்பூண்டி. ஆந்திர எல்லையைத் தாண்டி தடா, பிறகு சூளூர்பேட்டை. ரயில்தான் வசதி என்றால் சென்ட்ரலில் இருந்து சூளூர்பேட்டைக்குப் புறநகர் ரயில் உண்டு. அங்கிருந்து கிழக்கே போகும் சாலையில் இருபுறமும் பழவேற்காடு ஏரிதான். குளிர்காலத்தில் பூநாரைகளையும் பார்க்கலாம்.

பொதுமக்களுக்கான பார்வையாளர் அரங்கு 2019 முதல் இருக்கிறது. இஸ்ரோ இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். அடையாள அட்டை அவசியம்.

ஏன் பெண் பிள்ளைகள் என்கிறீர்களா? 2022 ஆகஸ்ட் 7 அன்று இங்கிருந்து கிளம்பிய எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் 'ஆசாதிசாட்' என்ற 8 கிலோ செயற்கைக்கோள் இருந்தது. நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகளின் கைவண்ணம் அது! மதுரை திருமங்கலம் மாணவிகளும் அதில் உண்டு. சென்னையின் 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' அமைப்பு வழிகாட்ட, சுமார் 50 கிராம் எடையுள்ள சிறு கருவிகளுக்கு இவர்கள் புரோகிராம் எழுதினார்கள்.

ராக்கெட் அழகாகத்தான் கிளம்பியது. ஆனால், 356 கி.மீ. உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய செயற்கைக்கோள், ஒரு பக்கம் 76 கி.மீ. வரை தாழும் பாதையில் போய்விட்டது. அந்த உயரத்தில் காற்றின் உராய்வு விடாது. செயற்கைக்கோள் நிலைக்கவில்லை.

பிள்ளைகள் எவ்வளவு ஏங்கியிருப்பார்கள்! ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2023 பிப்ரவரி 10 அன்று 'ஆசாதிசாட்-2' அதே ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பி, 450 கி.மீ. உயரத்தில் சரியாகப் போய்ச் சேர்ந்தது. அரங்கில் காத்திருக்கும் நேரத்தில் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அவ்வளவு தூரம் முடியாதா? கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. மாநகரச் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை.

திரும்பும் வழியில் கேள்விகள் வரும். நீங்கள் விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. பதில் தெரியாவிட்டால், 'வா, தேடிப் பார்ப்போம்' என்று கூட உட்காருங்கள். அடுத்த ஞாயிறும் அவர்கள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், வந்த வேலை நடந்துவிட்டது என்று அர்த்தம்.