குடத்துள் பாம்பு

திருக்குறளில் உட்பகை என்னும் அதிகாரத்தின் இறுதிப் பாட்டு, உள்ளம் ஒவ்வாதவரோடு கூடி வாழ்வதைப் பாம்போடு ஓரிடத்தில் உறைவதற்கு ஒப்பிடுகிறது. அவ்விடத்தைக் குறிக்க வள்ளுவர் ஆண்ட சொல் 'குடங்கர்' என்பது. பரிமேலழகர் அதற்குக் குடில் என்று பொருள் கண்டார். அகராதியைப் புரட்டினால் அச்சொல்லுக்குக் குடம் என்ற பொருளும் இருக்கக் காண்கிறோம். மனிதன் குடத்துள் புகுந்து பாம்போடு வாழ இயலாது. ஆகவே உரையாசிரியர் குடிலைக் கொண்டது முற்றும் பொருத்தமே. ஆனால் பாம்பு குடத்துள் வாழும். சில நாள்களுக்கேனும் நலமாகவே வாழும். அதற்கு அடியில் என்ன பரப்ப வேண்டும், எத்தகைய கூடு அமைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். பாம்புக்குப் பாய் விரிப்பதும் ஒரு பொருளோ என்று நகைக்கும் மாணவர்கள் சிறிது பொறுத்துப் படிக்குமாறு வேண்டுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்த ஊர் நரிக்குடி. அருப்புக்கோட்டைக்கும் மானாமதுரைக்கும் இடையே, வானம் பார்த்த பூமி. ஊர்ப்பெயரில் நரி இருந்தாலும் நரியைக் கண்டவர் சிலரே. பாம்பைக் காணாதவர் ஒருவரும் இலர். பங்குனி சித்திரையில் எங்கள் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அவ்வெடிப்புகளுள் முழங்கை வரை கை புதையும். வெளியே கால் வைக்க முடியாத வெயில் அடிக்கும்போது, வெடிப்பின் உட்புறம் தொட்டால் தண்ணென்றிருக்கும். சிறு ஈரமும் இருக்கும். சிறுவனாக இருந்தபோது ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போன இடங்களில் சீமைக் கருவேல மரத்தடியிலும் வெடிப்பின் வாயிலும் பாம்புச் சட்டைகளைக் கண்டிருக்கிறேன். தலை முதல் வால் வரை, கண்ணின் மேலிருந்த கண்ணாடி போன்ற செதில் உட்பட, ஒரே உறையாகக் கழன்று கிடக்கும். அது எவ்வளவு பொருள் பொதிந்த காட்சி என்பதைப் பல்லாண்டுகளுக்குப் பின்னரே உணர்ந்தேன்.

கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்பது நம் பழமொழி. பிறர் உழைப்பில் வாழ்வோரை இழித்துரைக்க அதனைக் கையாளுகிறோம். பாம்பின் பக்கம் நின்று நோக்கினால் இதில் இழிவொன்றும் இல்லை. அதற்குத் தோண்டும் கையில்லை. தன் உடம்பின் சூட்டைத் தானே உண்டாக்கிக் கொள்ளும் ஆற்றலும் இல்லை. வெயிலில் கிடந்து சூடு பெற வேண்டும். மிகுந்தால் நிழலுக்கு நகர்ந்து தணிய வேண்டும். வெளியில் வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் புற்றின் உள்ளறையில் அம்மாற்றம் மெல்லவே எட்டும், ஈரமும் நிலைத்திருக்கும். கடல் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவில், கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளிகளில் வாழும் பந்து மலைப்பாம்பும் எலி வளையிலும் கரையான் புற்றிலுமே பகலைக் கழிக்கிறது. அச்சம் வந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால் அதற்கு அப்பெயர் வந்தது. இன்று உலகெங்கும் வீட்டில் வளர்க்கப்படும் பாம்புகளுள் முன்வரிசையில் நிற்பது அதுவே.

என் தமக்கையின் மகன் இங்கிலாந்தில் பணிபுரிகிறான். அங்கே அவன் கார்ன் ஸ்நேக் எனப்படும் அமெரிக்கப் பாம்பு ஒன்றை வளர்க்கிறான். நஞ்சற்றது, சாதுவானது, அந்நாட்டுச் சட்டம் அதனை வளர்க்கத் தடை விதிக்கவில்லை. செய்தி கேட்ட என் தமக்கை மூன்று நாள் உணவு கொள்ளவில்லை. எனக்கோ அவன் அதற்கு அமைத்திருந்த வீட்டைப் பற்றிக் கேட்கக் கேட்க ஆர்வம் மிகுந்தது.

கண்ணாடிக் கதவிட்ட மரப்பெட்டி அது. ஒரு முனையில் மட்டும் வெப்பம் ஊட்டுகிறான். ஏறக்குறைய முப்பது பாகை செல்சியஸ். மறுமுனை ஏழெட்டுப் பாகை குறைவாக இருக்கும். வெப்பத்தைத் தானே அளந்து நிறுத்தும் கருவி ஒன்று இணைக்கப்பட்டிருக்கிறது. அஃதின்றி வெப்பத் தகட்டின் மேல் படுத்த பாம்பு வயிறு வெந்து போவதும் உண்டாம். ஒளிந்துகொள்ளும் பொந்து ஒன்றல்ல, இரண்டு வைத்திருக்கிறான். "ஒரு பாம்புக்கு எதற்கடா இரண்டு வீடு?" என்றேன். "வெப்பமான பக்கத்தில் மட்டும் பொந்து இருந்தால், குளிர்ச்சி வேண்டும்போதும் அது வெளியே வர அஞ்சி அங்கேயே கிடக்கும் மாமா. குளிர்ந்த பக்கத்தில் மட்டும் இருந்தால் சூடு இல்லாமல் தின்ற இரை செரிக்காது. பாதுகாப்பா, உடல்நலமா என்று அதைத் தேர்ந்தெடுக்க வைக்கக் கூடாது" என்றான். இவன் சிறுவயதில் எங்கள் வீட்டு நாய்க்குத் தண்ணீர் வைக்கவும் சோம்பியவன் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

பரப்பும் பொருளைப் பற்றியே அவன் மிகுதியாகப் பேசினான். தொடக்கத்தில் செய்தித்தாளை விரித்தானாம். மலிவு; தூய்மை; நோயுற்ற பாம்பின் கழிவை உடனே கண்டுகொள்ளலாம். புதிதாக வாங்கிய பாம்பைத் தனித்து வைத்து நோக்கும் நாள்களில் அதனினும் ஏற்றது இல்லை. ஆனால் தாளில் பாம்பு புதைந்து ஒளிய முடியாது. பின்னர் ஆஸ்பென் மரச்சீவலைப் பரப்பினான். அதில் துளைத்துக்கொண்டு போனால் வளை இடியாமல் நிற்கும். ஆயினும் நீர் பட்டால் பூசணம் பிடிக்கும். தேவதாரு, பைன் ஆகிய மணமுள்ள மரங்களின் சீவலை மட்டும் தொடவே கூடாது என்கிறார்கள். மனிதருக்கு இன்பம் தரும் அம்மணத்திற்குக் காரணமான எண்ணெய்ப் பொருள், மூடிய பெட்டிக்குள் ஆவியாகிப் பாம்பின் மூச்சுறுப்புகளைக் கெடுத்துவிடும்.

ஈரம் விரும்பும் பாம்புகளுக்கு அங்கே பலரும் வாங்குவது செங்கல் வடிவில் அழுத்திக் கட்டிய ஒரு பொருள். நீரில் இட்டால் பன்மடங்காகப் பொங்கி, கருஞ்செம்மண் போல் உதிரும். "இது என்ன தெரியுமா மாமா? நம் ஊர்த் தென்னை நார்க்கழிவு" என்றான் மருமகன். பொள்ளாச்சிப் பக்கம் கயிற்று ஆலைகளின் ஓரத்தில் ஒரு காலத்தில் மலைபோல் குவிந்து, அப்புறப்படுத்த வழியின்றிக் கிடந்த நார்த்தூள் அது. இன்று கட்டியாக்கிக் கப்பலேற்றப்பட்டு, தோட்டங்களுக்கு உரமண்ணாகவும் ஊர்வனவற்றுக்குப் படுக்கையாகவும் உலகெங்கும் செல்கிறது.

ஈரம் மிகுந்தால் பாம்பின் அடிவயிற்றுச் செதில்களில் கொப்புளம் கண்டு அழுகும். ஈரம் குறைந்தால் சட்டை ஒன்றாகக் கழலாமல் துண்டு துண்டாகக் கிழியும். கண்செதில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வால்நுனியில் தங்கிய வளையம் இறுகிக் குருதியோட்டத்தைத் தடுக்கும். எனவே படுக்கை சரியாக இருக்கிறதா என்று அறிய விரும்புவோர் கழன்ற சட்டையை எடுத்துப் பார்க்கிறார்கள். தலை முதல் வால் வரை முழுதாக இருந்தால் அமைத்தவர் தேறினார் என்று பொருள். எங்கள் கரிசல் வெடிப்பு ஆண்டுதோறும் ஒருவர் துணையுமின்றி அத்தேர்வில் தேறிவந்தது.

இதைப் படித்துவிட்டு எங்கள் பகுதி மாணவர் எவரேனும் வயலில் ஒரு சாரையைப் பிடித்துப் பெட்டியில் இட்டுவிடக் கூடாது. நம் நாட்டுப் பாம்புகளை இசைவின்றிப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். அயல்நாட்டுப் பாம்பாயின், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதி வகுக்கப்பட்டுள்ளது. பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பைகளில் பந்து மலைப்பாம்புக் குட்டிகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத் துறையினர் ஒருமுறைக்கு மேல் கைப்பற்றியிருக்கிறார்கள். துணிப்பையே அவற்றின் கூடு, படுக்கை ஒன்றுமில்லை. திருவிழாவில் நாம் கண்ட பாம்பாட்டியின் கூடையும் இதனினும் மேலானதன்று. பல்லைப் பிடுங்கி, ஒரு முழ அகலமுள்ள பிரம்புக் கூடையில் அடைத்து, குடிக்கத் தெரியாத பாலை வாயில் ஊற்றிய அந்தப் பாம்புகளுள் பெரும்பாலானவை நெடுநாள் வாழ்ந்ததில்லை. மண்ணுளிப் பாம்பின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தளர்ந்த மண்ணுக்குள் புதைந்து வாழ்வதே அதன் இயல்பு. அதனை வீட்டில் வைத்தால் செல்வம் சேரும் என்று நம்பி, ஒரு பிடி மண்ணும் இல்லாத வாளியில் மாதக்கணக்கில் அடைத்து விலை பேசுவோர் நம் மாவட்டங்களிலும் உண்டு.

அப்படியானால் நம் மண்ணில் பாம்புக்கு முறையாகக் கூடு அமைத்தவர் எவருமில்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்களுக்கு என் ஊர் கடன்பட்டிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பெண்மணி பருத்தி எடுக்கப் போன இடத்தில் கண்ணாடி விரியன் தீண்டியது. நான் அப்போது விடுமுறையில் ஊரில் இருந்தேன். வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது கால் முழங்கால் வரை வீங்கிவிட்டது. "அண்ணே, என் பிள்ளைகள்" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. மருத்துவர் சிறிது குருதியை எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அசைக்காமல் இருபது நிமிடம் நிறுத்தி வைத்தார். உறைய வேண்டிய குருதி நீராகவே ஓடியது. உடனே நஞ்சுமுறி மருந்தைக் குப்பி குப்பியாகச் சொட்டு முறையில் ஏற்றினார்கள். அன்றிரவை நான் மறக்கவில்லை. அப்பெண்மணி பிழைத்தார், இன்று பேரன் எடுத்துவிட்டார். எல்லோருக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்தனர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது? பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் விளையும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். அதற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பங்கை நெடுங்காலமாக இந்திய நிறுவனங்களுக்கு வழங்கி வருவது, சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தவர்கள் இருளர்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்ந்த தோல் ஏற்றுமதித் தடையும் அவர்கள் பிழைப்பை நிறுத்தின. ரோமுலஸ் விட்டேக்கர் முதலானோர் முயற்சியால் 1978இல் இச்சங்கம் உருவாயிற்று. தோலுக்காகக் கொல்லப்பட்ட பாம்பு, நஞ்சுக்காக உயிருடன் பேணப்படும் நிலை பிறந்தது.

மாணவர்களோடு கல்விச் சுற்றுலா சென்றபோது அப்பண்ணையைக் கண்டேன். கண்ணாடிப் பெட்டியில்லை, வெப்பத் தகடில்லை. வரிசை வரிசையாக மண்பானைகள். மானாமதுரைச் சந்தையில் நம் பெண்கள் தட்டிப் பார்த்து வாங்குவது போன்ற சாதாரணப் பானைகளே. அடியில் மணல், வாயில் பருத்தித் துணி, துணியைச் சுற்றி இறுகக் கட்டிய கயிறு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கும் அவற்றுள் இருந்தன. உள்ளே இருள், ஆகையால் பாம்பு பொந்தில் இருப்பதாகவே அமைதி கொள்கிறது. வட்டமான சுவர் உடம்பை எப்பக்கமும் தொடுகிறது. மூக்கை முட்டிப் புண்ணாக்கிக் கொள்ள மூலையில்லை. மணல் கழிவை உறிஞ்சும், எளிதில் மாற்றலாம். துணி வழியே காற்று புகும். சுட்ட மண்ணின் நுண்துளைகள் நம் குடிநீர்ப் பானையைக் குளிர்விக்கும் அதே முறையில் உள்ளிருக்கும் ஈரத்தை மெல்லக் கசியவிட்டுச் சூட்டைத் தணிக்கின்றன. என் மருமகன் பல கருவிகளால் செய்வதை ஒரு பானையும் சில கைப்பிடி மணலும் செய்துவிடுகின்றன.

ஒரு பாம்பு அங்கே தங்குவது மூன்று நான்கு வாரமே. வாரம் ஒருமுறை நஞ்சு எடுப்பார்கள். பிறகு, மீண்டும் விரைவில் பிடிபட்டால் அடையாளம் தெரியும்படி அடிவயிற்றுச் செதிலில் சிறு வெட்டிட்டு, காட்டில் விட்டுவிடுவார்கள். குறுகிய பானை போதுமானதாக இருப்பதன் காரணம் இக்குறுகிய காலமே. ஆண்டுக்கணக்கில் வளர்ப்பவர்கள் இதைப் பின்பற்றுதல் தவறு. பாம்பு முழு நீளத்திற்கும் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்ற கருத்து இப்போது மேலைநாடுகளில் வலுத்து வருகிறது.

அச்சங்கத்தின் உழைப்பில் வளர்ந்த இருளர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற்கு அழைக்கப்பட்டனர். அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அந்நிலத்து முயல்களையும் பிற சிறு விலங்குகளையும் அருகச் செய்துவிட்டன. அவை அம்மண்ணுக்கு உரியவை அல்ல. வளர்ப்புப் பிராணிகளாக இறக்குமதி செய்யப்பட்டு, பெட்டியிலிருந்து தப்பியவையும், பெட்டிக்கு அடங்காமல் வளர்ந்துவிட்டதே என்று உரியவர்களே கொண்டுபோய் விட்டவையுமாகிய பாம்புகளின் வழித்தோன்றல்கள். அறிவியல் அறிஞர்களும் கண்டுபிடிக்கத் திணறிய அப்பாம்புகளை, புல் மடங்கிய தடத்தையும் உதிர்ந்த சட்டையையும் நோக்கியே இவ்விருவரும் தேடிப் பிடித்தார்கள். 2023இல் நடுவணரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. செய்தியை நாளிதழில் படித்ததும், எங்கள் தெருப் பெண்மணியின் வீட்டுக்குச் சென்று அவர்தம் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை அணிந்துகொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவுகளுக்கு எந்த ஊருண்ணே?" என்று கேட்டார்.