கொப்பரையும் மழையும்

ஹேவ்லாக் தீவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ராதாநகர்க் கடற்கரையோடு நின்றுவிடுகிறார்கள். என் ஆய்வுக்கு வேண்டியவை அக்கடற்கரைக்குச் செல்லும் சாலையோரத் தென்னந்தோப்புகள். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களை 1950-களில் குடியமர்த்திய தீவு இது. (2018 டிசம்பரில் அரசு ஸ்வராஜ் தீப் என்று பெயர் மாற்றியது, பேச்சு வழக்கில் இன்றும் ஹேவ்லாக்தான்.) அவர்கள் வளர்த்த தென்னைகள் குறைவின்றிக் காய்க்கின்றன. ஆயினும் அவ்வீடுகளில் மீன் பொரிவது கப்பலில் வந்திறங்கும் கடுகெண்ணெயில். தோப்புக்குள் தேங்காய்கள் முளைவிட்டுக் கிடக்கின்றன. எண்ணெய் வித்துக்கு நடுவே வாழ்கிறவர்கள் எண்ணெயை ஏன் விலைகொடுத்து வாங்குகிறார்கள்? என் முனைவர் பட்ட ஆய்வு இக்கேள்வியிலிருந்து தொடங்கியது.

பழக்கம் என்பது எளிய விடை. அதில் பாதி உண்மை உண்டு. கொள்ளேகாலில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்து, லிவர்பூலில் ஹில்டிச்சிடம் கொழுப்பு வேதியியல் பயின்ற கே. டி. அச்சயா (1923–2002) இதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் கொழுப்பு அமிலங்களைப் பிரித்தறிந்த அவர், இந்தியாவின் மரபுச் செக்குக்கென்றே 1993-இல் தனியொரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பிலுள்ள ‘கானி’ என்ற சொல்லையே ஹேவ்லாக்கின் வங்காள முதியவர்களும் செக்குக்குச் சொல்கிறார்கள். வங்காளத்துக்குக் கடுகு, கேரளத்துக்குத் தேங்காய், நமக்கோ எண்ணெய் என்ற சொல்லுக்குள்ளேயே எள். நாக்கின் நினைவை நிறமாலைமானி அளக்காது என்பதை நானும் ஏற்கிறேன்.

இத்தீவுகளுக்கு இவ்விரு எண்ணெய்களும் புதியனவல்ல. போர்ட் பிளேர் செல்லுலர் சிறையில் கைதிகள் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார்கள். நாளொன்றுக்குத் தேங்காய் எண்ணெயென்றால் 30 பவுண்டு, கடுகெண்ணெயென்றால் 10 பவுண்டு என்பது அளவு. கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கை அறிந்தவர்களுக்கு இதன் கொடுமையை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் என்னை நெடுநாள் தொந்தரவு செய்தது. நன்கு காய்ந்த கொப்பரையில் 60 விழுக்காட்டுக்கு மேல் எண்ணெய். கடுகில் 40 விழுக்காட்டை ஒட்டி. இக்கணக்குப்படி வேறுபாடு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான். மீதி, அச்சிறு விதையை நசுக்கி எண்ணெயைப் பிரிக்க அந்த உடல்கள் கூடுதலாகச் சுற்றிய சுற்றுகளாக இருக்க வேண்டும். எந்த வகுப்பிலும் எவரும் இக்கணக்கைப் போடச் சொன்னதில்லை.

நன்கு காய்ந்த கொப்பரை என்று எழுதினேன். ஹேவ்லாக்கின் சிக்கல் அச்சொற்களில்தான் இருக்கிறது. புதிய தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழப் பாதி நீர். அதை 6 விழுக்காட்டளவுக்குக் குறைத்தால்தான் நல்ல கொப்பரை. நான் வளர்ந்த காங்கேயத்தில் இது ஒரு பொருட்டே அன்று. மழை குறைந்த மண். கேரளத்துத் தேங்காய்கூட அங்கு வந்து களத்தில் காய்கிறது. அந்தமானிலோ இரு பருவக்காற்றுகளும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழையைக் கொட்டுகின்றன. தொடர்ந்து ஆறேழு நாள் வெயில் என்பது மே முதல் டிசம்பர் வரை அரிது. காயாத பருப்பில் பூசணம் ஏறுகிறது. அது அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸாக இருந்தால் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சும் சேரலாம். ஈரத்தில் லைப்பேஸ் நொதி கொழுப்பை உடைக்கிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அது கட்டவிழ்ந்து தனித்து நின்றதும் நாக்கில் சோப்பின் சுவை தட்டுகிறது. விஜய்நகரில் எனக்குத் தோப்பைத் திறந்துவிட்ட மூதாட்டியை மாஷி என்று அழைப்பேன். “எங்கள் எண்ணெயில் மீன் பொரித்தால் துணி துவைத்த வாடை வருகிறது, பேட்டா” என்று இந்தியில் சொன்னார். கருவி ஏதுமின்றி அவர் தனித்த லாரிக் அமிலத்தை அடையாளம் கண்டிருந்தார்.

ஈரத்துக்கு ஊரார் கண்ட வழி, பருப்பைப் பரண்மேல் பரப்பிக் கீழே மட்டையும் சிரட்டையும் எரிப்பது. ஈரம் போகிறது, ஆனால் புகையிலுள்ள பென்சோபைரீன் போன்ற சேர்மங்கள் கொப்பரையில் படிகின்றன. ஆலையில் கரி கொண்டு சுத்திகரித்தால் அவற்றை நீக்கலாம். வீட்டுச் செக்கெண்ணெய்க்கு அந்த வாய்ப்பில்லை.

“ஒரு ஹெக்டேரில் தென்னையைவிடப் பல மடங்கு எண்ணெய் தரும் எண்ணெய்ப்பனை இருக்க, கொப்பரையைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறீர்கள்?” என்று ஆய்வுக் குழுக் கூட்டமொன்றில் என்னைக் கேட்டார்கள். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் அறிவித்த எண்ணெய்ப்பனை இயக்கம் வடகிழக்கையும் அந்தமான் நிக்கோபாரையும் தனியே குறிப்பிடுகிறது. எனவே கேள்வி காலத்துக்கு ஏற்றதுதான். விளைச்சல் கணக்கும் சரியே. ஆனால் லிட்டில் அந்தமானில் காட்டு நிலத்தில் எண்ணெய்ப்பனை வளர்த்த அனுபவம் இத்தீவுகளுக்கு முன்பே உண்டு. காட்டு நிலத்தில் அத்தகைய ஒற்றைப் பயிர்த் தோட்டங்கள் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தடுத்தது. காட்டை விடுங்கள், வேதியியலையே எடுத்துக்கொள்வோம். வெட்டிய பனைக்குலையை ஒரு நாளுக்குள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள், நீராவியில் வேகவைத்தாக வேண்டும். தவறினால் பழத்திலுள்ள லைப்பேஸ் எண்ணெயைக் கெடுத்துவிடும். கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும் தீவுகளில் எந்தக் குலை எந்த ஆலைக்கு ஒரே நாளில் போய்ச் சேரும்? காய்ந்த கொப்பரை கப்பலுக்குக் காத்திருக்கும். இதைச் சொன்னேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

புகை பருப்பைத் தொடாமல் சூடான காற்று மட்டும் தொடும் சிரட்டை உலர்த்திகளைக் காசர்கோடு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்திருக்கிறது. ஹேவ்லாக்கின் மழைக்காலக் காற்றில் உலர்ந்த கொப்பரை மீண்டும் எவ்வளவு விரைவாக ஈரத்தை உறிஞ்சுகிறது, எதில் கட்டி வைத்தால் அது தாங்கும் என்பவை என் இறுதி இயலுக்கான கேள்விகள். இந்தப் பருவமழையில் மாஷியின் முற்றத்திலேயே உலர்த்தியை நிறுத்தப்போகிறேன். தேங்காய் தர ஒப்புக்கொண்டுவிட்டார். எண்ணெய் வாடையின்றி வந்தால் தலைக்கும் தேய்ப்பாராம், லூச்சியும் பொரிப்பாராம். மீனுக்குக் கடுகெண்ணெய்தான் என்று முன்னதாகவே சொல்லிவிட்டார்.