மூக்கின் நகர்வலம்

ஹைதராபாத் டாங்க் பண்ட் சாலையில் ஹுசேன் சாகரின் கழிவுநீர் நாற்றம் அடிக்கும்போது பைக்கில் போகிறவர்கள் கைக்குட்டையைத் தேடுகிறார்கள். பக்கத்துக் காரில் நாயோ ஜன்னல் வழியே மூக்கை இன்னும் வெளியே நீட்டுகிறது. சற்று முன் செகந்தராபாத் பாரடைஸ் சந்திப்பில் பிரியாணி வாசனைக்கும் இதே ஆர்வம்தான்.

மனித மூக்கில் மணம் உணரும் செல்கள் சுமார் 60 லட்சம். நாய்க்கு 30 கோடி வரை. ஓடும் காரில் ஊரே அதன் மூக்கைத் தேடி வருகிறது. கூடவே, வீட்டில் தனியாக விட்டுவிடவில்லை என்ற நிம்மதி. (மிருக வைத்தியரிடம் போக மட்டுமே கார் ஏறிய நாய், சாவிச் சத்தம் கேட்டதும் கட்டிலடியில் பதுங்கும்!)

ஆபத்து, கார் நின்ற பிறகுதான். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. "ஐந்தே நிமிஷம்" என்று இரானி சாய் குடிக்கப் போகிறவர்கள் கண்ணாடியை ஏற்றி, நாயை உள்ளே விட்டுச் செல்கிறார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்தில் சுமார் 10 டிகிரி கூடிவிடும். நாய்க்கு நம்மைப்போல வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பதோ அனல் காற்று. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்தாலும் சூடு பெரிதாகக் குறைவதில்லை.