வீத், வீத்!

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில், கூடைப்பந்துத் திடலில் ஆசிரியர் 'வீத், வீத்' என்று விரட்டுவார். சீக்கிரம், சீக்கிரம் என்று பொருள். ஓட்டத்தில் நான்தான் எப்போதும் கடைசி.

போன மாதம் பேரன் என்னை என்.பி.ஏ. 2கே கணினி விளையாட்டில் உட்கார வைத்தான். வேகப் புள்ளி அதிகமுள்ள குட்டை ஆட்டக்காரர்களாகவே பொறுக்கிக்கொண்டான். பறந்தார்கள். ஆனால் சீக்கிரம் களைத்தார்கள். வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தெல்லாம் என் உயரக்காரர்கள் கையில் விழுந்தது.

என் அணியில் நிக்கோலா யோக்கிச். வேகம் குறைவு, பந்தை உரிய ஆளிடம் உரிய நேரத்தில் சேர்ப்பார். நிஜத்திலும் 2023-ல் டென்வர் அணி அவரை நம்பித்தான் கோப்பை வென்றது. கால் எவ்வளவு ஓடினாலும், கைமாறும் பந்து அதை முந்திவிடும்.

"தாத்தா, அடுத்த ஆட்டத்துல யோக்கிச் எனக்கு" என்றான் பேரன். அறுபது வருட 'வீத்' அன்றுதான் காதைவிட்டு இறங்கியது.