தாங்கவும் வேண்டும், பாடவும் வேண்டும்

புதுச் சாமான் வாங்கப் போகிற இடத்தில், "பழசு மாதிரி இருக்கிறதா காட்டுங்கள்" என்று யாராவது கேட்பார்களா? என் அண்ணன் மகள் கேட்டிருக்கிறாள். கேட்டதோடு நிற்கவில்லை. பழசு மாதிரி இருக்கிற ஒரு புதுக் கிடாருக்குக் கூடுதலாகப் பணமும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்!

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க மட்டும் போன தீபாவளிக்குப் பாட்டி காலத்துக் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலை வேணும்னு கடை கடையா ஏறலையா, அத்தை?" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். நீங்களும் என்னோடு சேர்ந்து சிரித்திருந்தால், உங்கள் பீரோவை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

இது நடந்தது பொங்கலுக்கு நான் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது. வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் கெங்குவார்பட்டி. வாசலில் நின்றால் பழனி மலைத் தொடர் கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்பது போலத் தெரியும். கொடைக்கானல் மலைப்பாதை பிரிகிற காட்ரோடும் பக்கத்தில்தான். மாந்தோப்புகளுக்குக் குறைவில்லை. அண்ணனும் மாங்காய் வியாபாரத்தில்தான் குடும்பத்தைக் கரையேற்றினார். மகள் பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறாள். மகன் மதுரையில் இருக்கிறான்.

அந்தக் கிடார் எப்படி இருந்தது என்று சொல்லவேண்டாமா? முதலில், சின்னது. மடியில் வைத்தால் ஒரு குழந்தையை உட்கார வைத்த மாதிரி அடங்கி இருந்தது. இடுப்பு நன்றாக ஒடுங்கி இருந்தது. நடுவில் தேன் நிறம். விளிம்புக்குப் போகப் போகக் கறுத்துக்கொண்டே போகிறது, தோசை ஓரம் முறுகினாற்போல. பளபளப்பு இல்லை. தலைப்பகுதியில் இரண்டு நீண்ட சாளரம் வெட்டி, அதற்குள் கம்பிகளைச் சுற்றியிருந்தார்கள். கழுத்தில் பன்னிரண்டாவது மெட்டிலேயே உடம்பு ஆரம்பித்துவிடுகிறது. தம்பி கல்லூரி நாளில் வாங்கிய பெரிய கிடார் ஒன்றும் வீட்டில் இருந்தது. அதில் பதினான்கு மெட்டு தாண்டித்தான் உடம்பு.

"நூறு வருஷத்துக்கு முந்தி எல்லாக் கிடாரும் இப்படித்தான் அத்தை, சின்னதா இருந்துச்சு" என்று அவள் கதை சொல்ல ஆரம்பித்தாள். ஜெர்மனியிலிருந்து 1833-ல் அமெரிக்காவுக்குக் குடியேறிய மார்ட்டின் என்ற தச்சர் குடும்பத்தின் கதை அது. அவர்கள் செய்தவை கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்து கேட்பதற்கான சிறு கிடார்கள். பிறகு பாட்டுக்காரர்கள், "சத்தம் பத்தாது, சத்தம் பத்தாது" என்றார்கள். 1916-ல் பாஸ்டன் நகரத்துக் கடை ஒன்றுக்காகப் பெரிய வயிறு வைத்த கிடார் செய்தார்கள். அந்த நாளில் பேர்போன ஓர் ஆங்கிலேயப் போர்க்கப்பலின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: டிரெட்நாட்! 1929-ல் பதினான்கு மெட்டுக் கழுத்தும் வந்தது. இன்று கடைத்தெருவில் தொங்கும் கிடார்களில் முக்கால்வாசி அந்தப் போர்க்கப்பலின் பேரப்பிள்ளைகள்தான்.

சரி, சத்தத்தில் என்ன வித்தியாசம்? இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பெரியது கல்யாணப் பந்தலில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி. நிறைவாகத்தான் இருக்கிறது, ஆனால் யார் என்ன சொன்னார் என்பது தெரியாது. சின்னதில் அடித்தொண்டை முழக்கம் குறைவு. ஆனால் ஆறு கம்பியும் ஆறு பேர், ஒவ்வொருவர் குரலும் தனித்தனியே கேட்கிறது. மெல்லத் தொட்டாலும் பதில் சொல்லுகிறது. திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் நம்மிடம் மட்டும் பேசுகிறாரே, அந்த மாதிரி.

இதற்கு முக்கியமான காரணம் மேல் பலகை என்றாள். தேவதாரு இனத்து மரத்தில், சுமார் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்த பலகை அது. ஸ்பெயின் தேசத்தில் டோரஸ் என்று ஒரு கிடார் ஆசாரி இருந்தார். பாடுவது மேல் பலகைதான் என்று காட்டுவதற்காகவே, 1862-ல் முதுகையும் பக்கங்களையும் வெறும் காகிதக் கூழில் செய்து ஒரு கிடார் பண்ணினாராம்! நாம் முறத்துக்கும் கூடைக்கும் காகிதக் கூழ் பூசுகிறோம். அவர் வாத்தியமே செய்துவிட்டார். அது இன்னும் பார்சிலோனா நகரத்து இசை மியூசியத்தில் இருக்கிறது.

பலகை மெலிதாக இருந்தால்தான் பாடும். ஆனால் மெலிதான பலகை கம்பியின் இழுப்பைத் தாங்காது. ஆகவே உள்ளே, குடைக்குக் கம்பி வைப்பது போல, மரப் பட்டிகளைப் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கே ஒட்டுகிறார்கள். பட்டி தடித்தால் கிடார் பத்திரம், ஆனால் ஊமை. பட்டியைச் செதுக்கி இளைத்தால் குரல் திறக்கும், ஆனால் ஆபத்து. பழைய ஆசாரிகள் நன்றாகச் செதுக்கினார்கள். ஜனங்கள் தடித்த கம்பிகளைப் பூட்ட ஆரம்பித்ததும் பெட்டிகள் பழுதாகித் திரும்பி வந்தன. 1944-ல் மார்ட்டின் கம்பெனி செதுக்குவதை நிறுத்திவிட்டது. பழைய கிடார்களின் குரலுக்காக ஜனங்கள் ஏங்க ஆரம்பித்த பிறகு, 1976-ல் அதே கம்பெனி மறுபடி செதுக்கின பட்டியோடு கிடார் செய்தது. "பழசு மாதிரிப் புதுசு" என்பது வெறும் நிறமும் வடிவமும் மட்டும் அல்ல. இந்தச் செதுக்கல்தான் அதன் உயிர்.

மரத்தையும் பழசாக்குகிறார்கள். காற்று இல்லாத அடுப்பில் பலகையை இருநூறு டிகிரி சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ரவை வறுப்பது போல் வறுத்து எடுக்கிறார்கள். ஈரமும் பிசினும் போய், பல வருஷம் உலர்ந்த மரம் போல இலேசாகி விடுகிறதாம்.

"பின் பக்கம் என்ன மரம், சொல்லுங்க பாப்போம்" என்று திருப்பிக் காட்டினாள். கருஞ்சிவப்பில் வரி வரியாக ஓடியது. எனக்கா தெரியாது? எங்கள் தாத்தா கட்டில் அந்த மரம்தானே! ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். பிரேசில் நாட்டு ஈட்டி கிடைப்பது அரிதாகிப் போனதால், 1969 முதல் மார்ட்டின் கம்பெனி நம் இந்திய ஈட்டிக்கு மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சொத்து இது. இதை வெட்டாமல் காப்பதற்காக 1994-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே செய்தார்கள். 2017 முதல் உலக நாடுகளின் ஒப்பந்தமும் இதன் ஏற்றுமதிக்குக் காவல் வைத்தது. இரண்டு வருஷம் கழித்து, செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள்.

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெண் உடனே அதை இறக்கிவிட்டாள். 2018-ல் இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்தார்களாம். மேல் பலகை ஒரே மாதிரி, முதுகு மட்டும் ஆறு விதமான மரம். இப்படி ஆறு கிடார்கள். 52 கிடார் வித்வான்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டிவிட்டு, மங்கலான வெளிச்சத்தில் வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த ஈட்டி எது, மலிவு மரம் எது என்று அவர்களால் பிரித்துச் சொல்லவே முடியவில்லை! கண் சொல்லிக் கொடுத்ததைத்தான் காது ஒப்பித்துக் கொண்டிருந்திருக்கிறது.

இத்தனை நேரமும் அண்ணன் கூடத்து மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, ஆணியில், இன்னொரு கிடார் தொங்கிக்கொண்டிருந்தது.

சகோதரிகளே, உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது, 1972-ஆம் வருஷம். அண்ணனுக்கு இருபத்தொன்று. கொடைக்கானலில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு எங்கள் அப்பா மாம்பழம் அனுப்புவது வழக்கம். அவர்கள் ஊரைவிட்டுப் போகும்போது ஒரு கிடாரை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நைலான் தந்தி போட்ட, ஸ்பெயின் பாணிக் கிடார். குரு கிடையாது. தானே தடவித் தடவிக் கற்றுக்கொண்டார். ராத்திரி திண்ணையில் அவர் வாசித்தால், களத்து மேட்டிலிருந்து வருகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

ஒரு நாள் ஒரு தந்தி அறுந்தது. அண்ணன் மாங்காய் லாரியோடு வெளியூர் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் சரிசெய்து வைத்து அவரை அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. உண்டியலை உடைத்து, மதுரைக்குப் போனவர் ஒருவரிடம் காசு கொடுத்து விட்டேன். அவர் வாங்கி வந்ததோ இரும்புக் கம்பிகள். வெள்ளியாய் மின்னின. பழைய தந்திகள் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, ஆறு கம்பியையும் மாட்டி, பழைய சுருதி வருகிற வரைக்கும் முறுக்கினேன்.

ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து இழுப்பது சுமார் நாற்பது கிலோ. இரும்புக் கம்பிகளோ எழுபது கிலோவுக்கு மேல். ஏறக்குறைய ஒரு மூட்டை அரிசி! அது எனக்கு இந்தப் பொங்கலுக்குத்தான் தெரிந்தது. அன்று நடுராத்திரி 'டமார்' என்று சத்தம் கேட்டு எல்லாரும் எழுந்தோம். கம்பி தாங்கும் குதிரை, பலகையின் சிராய்களோடு பிய்த்துக்கொண்டு வந்திருந்தது.

மறுநாள் அண்ணன் வந்தார். பார்த்தார். "போகட்டும் விடு, தாயி" என்றார். ஆணியில் மாட்டினார். அவ்வளவுதான்.

திட்டியிருந்தால் தேவலை. 1976-ல் 'அன்னக்கிளி' வந்து, தேனிச் சீமையின் பண்ணைப்புரத்துப் பிள்ளை இளையராஜாவின் பெயர் ஊரெல்லாம் பேச்சாயிற்று. தமையன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்து, 1968-ல் சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் படித்து, லண்டன் டிரினிடி கல்லூரியின் கிடார் பரீட்சையில் தேறியவர் அவர். ரேடியோவில் அவர் பாட்டு வரும்போதெல்லாம் அண்ணனின் இடது கை விரல்கள் வேட்டி மேல் நகர்வதைப் பார்ப்பேன். எழுந்து உள்ளே போய்விடுவேன்.

இந்தப் பொங்கல் ராத்திரி, மகள் அந்தச் சின்னக் கிடாரை அவர் மடியில் வைத்தாள். "எனக்கெதுக்குத்தா?" என்றார். ஆனால் கை தள்ளவில்லை. மேல் பலகையை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்தார். பிறகு கேட்டார்:

"இரும்புக் கம்பியா இருக்கே? தாங்குமா?"

"இது அதுக்குன்னே செஞ்சதுப்பா."

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அன்னிக்கு நான் அப்படிப் பண்ணாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன். மேலே பேச முடியவில்லை.

அண்ணன் ஆச்சரியமாகப் பார்த்தார். "அட, நீ இன்னும் அதையா நெனச்சுக்கிட்டு இருக்கே? ரிப்பேர் பண்ண மதுரையிலே ஒரு தொகை கேட்டாங்க. அந்த வருஷம் உன் பள்ளிக்கூடச் செலவு இருந்துச்சு. ரெண்டும் முடியாது. சொன்னா நீ படிக்கப் போக மாட்டேன்னு அழுவே. அதான் சொல்லலே."

ஐம்பது வருஷமாக ஒரு குற்றத்துக்கு அழுதுகொண்டிருந்தேன். இப்போது அதைவிடப் பெரிய ஒரு கடனுக்கு அழவேண்டியதாயிற்று.

அப்புறம் அவர் வாசித்தார். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. விரல் மரத்துப் போயிருந்தது. இரண்டு கம்பி சரியாகப் பேசவில்லை. நுனி விரல் வலிக்கிறது என்று நடுவில் கையை உதறிக்கொண்டார். ஆனால் அந்தச் சின்னப் பெட்டி அவர் தொட்டதற்கெல்லாம் பதில் சொன்னது. தெருவில் போன ஒருவர் வாசலில் நின்றார். எனக்கு அது போதும்.

பழைய கிடாரையும் இறக்கியாகிவிட்டது. பலகையில் விரிசல் ஓடவில்லை. குதிரையை மறுபடி ஒட்டி, நைலான் தந்தி போடலாம் என்கிறாள் மகள். பெங்களூருக்கு எடுத்துப் போகப் போகிறாள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் யாராவது வாசித்து நிறுத்தின ஒரு கிடார் கிடக்கலாம். அதைப் பார்க்கும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, அது நைலானுக்குச் செய்ததா, இரும்புக்குச் செய்ததா என்று விசாரிக்காமல் புதுக் கம்பி போடாதீர்கள். அடுப்பங்கரைச் சூட்டிலும் மொட்டைமாடி வெயிலிலும் வைக்காதீர்கள். இரண்டாவது, அவர் ஏன் வாசிப்பதை நிறுத்தினார் என்று அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். என்னைப் போல் ஐம்பது வருஷம் காத்திருக்க வேண்டாம்.