தொடுகையும் அருளும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் தாயார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்யப்பெற்று, மருந்தேற்றும் சிகிச்சையும் முடிந்து, அவர் வீடு திரும்பியிருந்த காலம் அது. நோய் அடங்கிவிட்டதென வைத்தியர்கள் கூறினர். ஆயினும் தோளிலிருந்து கைவரை பரவிய வலியும், உறக்கமின்மையும், மீண்டும் வருமோ என்ற அச்சமும் அவரை விட்டு நீங்கவில்லை. அந்நிலையிலே என் சின்னம்மா ஒரு பெண்மணியை அழைத்து வந்தார். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, இன்சொல்லினர், பணத்தாசை அற்றவர். வாரம் இருமுறை வந்து, தாயாரைப் படுக்கச் செய்து, தலை, தோள், வயிறு, பாதம் என ஒவ்வோரிடத்தும் சில நிமிடங்கள் தம் கைகளை மெல்ல வைத்திருப்பார். அவர் செய்தது 'ரெய்கி' எனப்படும் சக்திச் சிகிச்சை.

பல்கலைக்கழக விடுமுறையில் நான் வீடு சென்றபோது, அம்மா என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, இது எங்கட வேதத்துக்கு ஒக்குமோ? நான் நற்கருணை வாங்கலாமோ?" என்று கேட்டார். சற்றுப் பொறுத்து, "அவ வந்து போற நாளிலைதான் எனக்கு நித்திரை வருது" என்றும் சொன்னார்.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. 'பேயின் வேலை' என்று ஒரேயடியாக ஒதுக்குவோரை நான் அறிவேன். 'எல்லாம் ஒரே சக்திதான்' என்று ஒரேயடியாக ஏற்போரையும் அறிவேன். இவ்விரு விடைகளும் ஆராயும் சிரமத்திலிருந்து நம்மை விடுவிக்கின்றன என்பதைத் தவிர வேறு சிறப்பு அவற்றிற்கு இல்லை. ஆகவே இரண்டையும் விலக்கி, சிறிது படித்தறிந்த பின்னரே விடை கூறுவதென முடிவு செய்தேன்.

ரெய்கியின் வரலாறு நெடியதன்று. யப்பானியரான மிக்காவோ உசுயி (1865-1926) என்பவர், 1922 ஆம் ஆண்டு கியோத்தோ நகருக்கு அண்மையிலுள்ள குராமா மலையில் நோன்பிருந்து தியானித்தபோது இம்முறையைப் பெற்றார் என்பர். அவர் வழிவந்த சூஜிரோ ஹயாஷியிடம் இதனைக் கற்ற ஹவாயோ தக்காத்தா என்னும் பெண்மணி, 1930களின் பிற்பகுதியில் ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்தே அது மேலைநாடுகளுக்குப் பரவியது. பிரபஞ்சமெங்கும் நிறைந்த உயிர்ச்சக்தி ஒன்று உண்டு. அதன் ஓட்டம் தடைப்படும்போது நோய் தோன்றுகின்றது. தீட்சை பெற்றவர் கைகளை வைக்க அச்சக்தி நோயாளிக்குள் பாய்கின்றது என்பது இதன் அடிப்படைக் கொள்கை.

இங்கு ஒரு செய்தி நோக்கற்பாலது. உசுயி ஒரு கிறித்தவ ஆசிரியர் என்றும், இயேசு நோயாளரைக் குணமாக்கிய முறை யாதெனத் தேடியே இதனைக் கண்டடைந்தார் என்றும் தக்காத்தா தம் மாணாக்கருக்குக் கூறிவந்தார். பிற்கால ஆராய்ச்சியாளர் இக்கதைக்குச் சான்று எதனையும் காணவில்லை. ஆனால் கதை நிலைத்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்த ஆசிரியையும், "ஆண்டவர் செய்ததும் இதுதான் அம்மா" என்று சொல்லியிருந்தார். அவர் பொய் கூறவில்லை. தாம் கேட்டதை நம்பிக் கூறினார். எனினும் தாயாரின் மனம் கலங்கியது இச்சொல்லினாலேயே. வலிக்கு எண்ணெய் தேய்ப்பதாக மட்டும் அவர் சொல்லியிருந்தால், அம்மா என்னிடம் கேள்வியே கேட்டிருக்கமாட்டார்.

அமெரிக்க ஆயர்களின் விசுவாசக் கோட்பாட்டுக் குழு 2009 மார்ச் 25 இல் ரெய்கி குறித்து ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. அதன் வாதம் எளியது. திருச்சபை இருவகைக் குணமாக்கலை அறியும். ஒன்று இறையருளால் வருவது; மற்றையது மருத்துவம் முதலிய இயற்கை வழிகளால் வருவது. இவை ஒன்றுக்கொன்று பகையல்ல. ரெய்கியோ இயற்கை வழியென ஏற்கப்படுவதற்கு வேண்டிய விஞ்ஞானச் சான்றைக் கொண்டதன்று. அருளின் வழியென்று கொள்வதற்கும் இடமில்லை. ஏனெனில் செபத்திலே மனிதன் கேட்கின்றான், கொடுப்பதும் கொடாததும் இறைவன் சித்தம். இங்கோ தீட்சை பெற்றவர் கைவைத்தால் சக்தி பாயும் என்பது முறையின் விதி. ஆகவே கத்தோலிக்க வைத்தியசாலைகளும் தியான இல்லங்களும் இதனை ஆதரித்தல் பொருந்தாது என அக்குழு முடிவு செய்தது.

இவ்வினா நம் காலத்தில் முளைத்ததென்று கருதுவோரும் உளர். அவ்வாறன்று. 1774-75 ஆம் ஆண்டுகளில் காஸ்னர் என்ற கத்தோலிக்கக் குருவானவர், தென் ஜெர்மனியிலே பேயோட்டும் செபங்களால் பெருந்திரளான நோயாளரைக் குணமாக்கி வந்தார். மெஸ்மர் என்னும் வைத்தியரோ, காஸ்னர் தம்மையறியாமல் பயன்படுத்துவது உடலிலுள்ள ஒருவகைக் காந்தசக்தியையே என 1775 இல் விளக்கம் கூறினார். குருவானவர் 'பேய்' என்றதை வைத்தியர் 'சக்தி' என்றார். திருச்சபை மேலிடம் தன் குருவானவரின் பகிரங்கச் சடங்குகளையும் ஏற்கவில்லை என்பதை நாம் மறத்தல் கூடாது.

மெஸ்மரின் சக்தி 1784 இல் பாரிஸ் நகரில் சோதிக்கப்பட்டது. பெஞ்சமின் பிராங்கிளினும் லவோசியேயும் அச்சோதனைக் குழுவில் இருந்தனர். தோட்டத்து மரமொன்றுக்குச் சக்தி ஏற்றப்பட்டது. கண் கட்டப்பட்ட சிறுவனொருவன் மரம் மரமாக அழைத்துச் செல்லப்பட்டான். சக்தி ஏற்றப்படாத மரத்தடியிலேயே அவன் மயங்கி விழுந்தான். கற்பனையே காரணம் என்பது குழுவின் முடிவு. இதற்கு இருநூறாண்டுகளின் பின், தாதியரிடையே பரவியிருந்த இன்னொரு 'தொடுசிகிச்சை'யை எமிலி ரோசா என்னும் அமெரிக்கச் சிறுமி சோதித்தாள். திரையின் மறைவில் தன் கையை அவர்களது இரு கைகளுள் ஒன்றின் மேலே நீட்டி, எந்தக் கையருகே சக்தி உணரப்படுகின்றது எனக் கேட்டாள். 21 பேர் பங்குபற்றிய 280 தடவைகளில் 123 விடைகளே சரியாயின. நூற்றுக்கு 44, நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் பாதி சரியாகியிருக்கும். இம்முடிவு 1998 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது.

மெஸ்மரின் காந்தசக்தி பற்றி 1847 இல் ரோமாபுரியின் விசுவாச விசாரணை மன்றம் வழங்கிய தீர்ப்பு, இன்று வாசிக்கும்போதும் நிதானமானது. தீய நோக்கமின்றி இயற்கையான வழிகளை மட்டும் கையாளுதல் குற்றமன்று. இயற்கைப் பொருள்களைக் கொண்டு உண்மையான தெய்வீகக் காரியங்களை விளக்கப் புகுவதே தவறு என்பது அதன் சாரம். 1989 இல் தியானம் பற்றி வெளியான ரோமாபுரிக் கடிதமும், கிழக்கு நாட்டு முறைகள் யாவற்றையும் தள்ளவில்லை. ஆகவே மூச்சுப்பயிற்சி செய்பவரும் உடம்பு பிடித்து விடுபவரும் விசுவாசத்தைக் கைவிட்டவராகார்.

ஆயினும் எனக்கொரு தடை எஞ்சியிருந்தது. பெரும்பாடுள்ள பெண் இயேசுவின் ஆடையைத் தொட்டபோது, தம்மிடமிருந்து வல்லமை புறப்பட்டதை அவர் உணர்ந்தார் என மாற்கு எழுதியுள்ளார். இது சக்தி பாய்தல் அன்றோ? நம்மவர் மருதமடுத் திருத்தலத்து மண்ணைப் பொட்டலமாகக் கட்டி வந்து, பாம்புக்கடிக்குக் காப்பாக வீட்டில் வைத்திருக்கின்றனரே. அது மட்டும் எவ்வாறு விசுவாசமாகும்?

நீண்ட நாள் சிந்தித்த பின் எனக்குப் புலப்பட்டது இது. அப்பெண்ணின் கதை அவள் தொட்டதோடு முடியவில்லை. இயேசு நின்று, தொட்டது யார் எனக் கேட்டு, அவளை முன்னே வரச்செய்து, மகளே என விளித்து அனுப்புகின்றார். வல்லமை புறப்பட்டது மட்டுமே பொருளாயின் அக்கேள்விக்குத் தேவையில்லை. அங்கே நிகழ்ந்தது இருவரின் சந்திப்பு. இதற்கு மறுதலையாக, அப்போஸ்தலர் கைவைத்தலின் வல்லமையைப் பணங்கொடுத்து வாங்க வந்த சமாரியா நாட்டுச் சீமோன், கொடுப்பவரை விட்டுக் கொடையை மட்டும் விரும்பினான். கொடுப்பவரை மறந்து பொருளையும் செயலையும் மட்டும் நம்பினால் செபமும் மூடநம்பிக்கையாகும் என்று 1992 இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகின்றது. எனவே மடு மண்ணும் அந்த எல்லைக்கு அப்பாற்பட்டதன்று. மாதாவை நினையாது மண்ணை மட்டும் நம்புபவர், ரெய்கியைக் குறை கூறத் தகுதியற்றவர்.

இத்தனையும் தெளிந்த பின் அம்மாவிடம் சென்றேன். "இந்தச் சக்தி என்ற நம்பிக்கை எங்கட விசுவாசத்தோட ஒக்காது அம்மா. ஆனா நீங்க அறியாமச் செய்தது பாவமில்லை. நற்கருணை வாங்குங்கோ" என்றேன். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். அந்த ஆசிரியையிடம் நானே படலைவரை சென்று, இனி வரவேண்டாமெனக் கூறினேன். அவர் கோபிக்கவில்லை. "சரி தம்பி. அம்மாவைத் தனிய விடாதேங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். என் வாதங்கள் யாவற்றிலும் இல்லாத ஒன்று அச்சொல்லில் இருந்ததை நான் அன்று உணரவில்லை.

அடுத்த விடுமுறைக்கு நான் சென்றபோது அம்மா மெலிந்திருந்தார். நித்திரை வருகின்றதா எனக் கேட்டேன். "இல்லைத் தம்பி. நீ சொன்னது சரிதான். ஆனா இப்ப என்னை ஆரும் தொடுறதில்லை" என்றார்.

நான் நாணினேன். அவர் கூறியது முழு உண்மை. உறவினர் வருவர், வாசலில் நின்று சுகம் விசாரிப்பர், பழங்களை வைத்துவிட்டுப் போவர். புற்றுநோய் தொற்றாதென்று அறிந்தோரும் அருகே அமர்வதில்லை. நானும் நூல்களைத் தொட்ட அளவுக்கு அவரைத் தொட்டவனல்லன். பொய்யான விளக்கமொன்றை அவரிடமிருந்து அகற்றினேன்; அவ்விளக்கத்தோடு வந்த மெய்யான கரங்களையும் சேர்த்து அகற்றிவிட்டேன்.

திருச்சபையிடம் கைவைக்கும் சடங்கு இல்லாமலா போயிற்று? நோயில் பூசுதல் என்னும் திருவருட்சாதனம் இருக்கின்றது. குருவானவர் மௌனமாக நோயாளியின் தலைமேல் கைகளை வைத்து, நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசுவார். அது சாகுந்தறுவாயில் உள்ளோர்க்கு மட்டும் உரியதன்று என்பது பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1972 இல் அங்கீகரித்த புதிய சடங்கு முறையில் தெளிவாகியது. ஆயினும் நம் ஊர்களில் அதன் பழைய பெயர் 'அவஸ்தைபூசுதல்'. அப்பெயர் மாறினாலும் அச்சம் மாறவில்லை. குருவானவர் எண்ணெய்ச் சிமிழோடு வந்தால் அயலவர் சவப்பெட்டியை நினைப்பர். நோயாளரைத் தொடுவதற்கென்று தரப்பட்ட சடங்கை மரணத்தின் தூதாக்கிவிட்டு, அவர்கள் வேறு கரங்களைத் தேடிச் செல்கின்றனரென்று குறை கூறுகின்றோம்.

நான் அதைப் பற்றிப் பேசியபோது அம்மாவும், "எனக்கு இன்னும் நேரம் வரேல்லைத் தம்பி" என்றே அஞ்சினார். பங்குக் குருவானவர் வந்து விளக்கிய பின்னரே இசைந்தார். அன்று குருவானவரின் கைகள் அவர் தலைமேல் இருந்த சிறு பொழுதில், அறையில் எவரும் பேசவில்லை. சின்னம்மா மட்டும் மூலையில் நின்று அழுதார். வலி அன்றோடு நீங்கியதென நான் எழுதமாட்டேன், அது நீங்கவில்லை. அன்றிரவு முதல், வீட்டிலிருக்கும் நாளெல்லாம் அவர் தோளுக்கு எண்ணெய் தேய்த்து விடுவதை நான் வழக்கமாக்கிக் கொண்டேன். என் கைகளில் எந்தச் சக்தியும் இல்லை என்பதை இருவரும் அறிவோம். சில இரவுகளில் அவர் உறங்குவார். சில இரவுகளில் செபமாலையைச் சொல்லிக்கொண்டு விழித்திருப்பார்.

1697 இல் கண்டி நகரில் அம்மைநோய் பரவி மக்கள் ஓடியபோது, யோசேப் வாஸ் அடிகளார் நோயாளரைத் தேடிச் சென்று, கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார். 2015 இல் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. பிறர் தொட அஞ்சியவர்களை அவர் தொட்டார். அதற்கு அவருக்குச் சக்தி பற்றிய கொள்கை எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சக்திச் சிகிச்சை கத்தோலிக்க விசுவாசத்தோடு பொருந்துமா என்று இன்று எவரேனும் என்னைக் கேட்டால், பொருந்தாது என்றே கூறுவேன். ஆனால் அவ்விடையைக் கூறுபவர், அந்நோயாளியின் கட்டிலருகே ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்துகொண்டே கூறவேண்டும். படலையிலே நின்று விடை கூறிய என் தவறு பிறருக்கு நேராதிருக்கட்டும்.