வாய்க்கால் பக்கம் அடிக்காத கைகள்

கம்பம் பள்ளத்தாக்கில் கிரிக்கெட் ஆட இடம் கொடுப்பதும் நெல்வயல்தான், பிடுங்கிக்கொள்வதும் நெல்வயல்தான். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி இங்கே 14,707 ஏக்கரில் இருபோகம் விளைகிறது. அறுப்பு முடிந்து அடுத்த உழவுக்குத் தண்ணீர் பாயும்வரை உள்ள இடைவெளியில் பையன்கள் தாளை மிதித்துச் சமப்படுத்தி, மூன்று குச்சியை ஊன்றிவிடுகிறார்கள். சட்டங்களும் வயலைப் பார்த்து உண்டாகின்றன. வாய்க்காலில் பந்து விழுந்தால் அவுட். தென்னந்தோப்புக்குள் போனால் இரண்டு ரன். ஒரு குத்துக் குத்தி எழும் பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட்.

சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் இடையில் ஓர் ஊரில், இப்படி ஆடி வளர்ந்த பிள்ளைகளுக்கு லெதர் பந்தில் அரிச்சுவடி கற்பிக்கும் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. பகலில் வாழைத்தார் மண்டியில் கணக்கு எழுதுகிறார். காலையும் மாலையும் மைதானம்.

நான் போனபோது மாஸ்டர் இன்னும் வரவில்லை. மேட் விரித்துக்கொண்டிருந்த பெரியவர்தான் இருந்தார். பயிற்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் இவரைப் போன்றவர்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ வேலை இங்கேதான் தொடங்குகிறது என்று பட்டது. முந்தின நாள் சாயங்காலமே களிமண் தரையில் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டியிருந்தார். விடிந்ததும் ராத்திரி கிளம்பிய எறும்புப் புற்றுகளைத் தட்டிச் சமன்செய்தார். பிறகு தேங்காய் நார்ப் பாயை உருட்டிப் பிரித்து, இரு முனையிலும் இரும்புக் கம்பி கோத்து, இரண்டு பையன்களை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, ஓரங்களில் ஆணி அடித்தார். ஒவ்வொரு ஆணிக்குப் பிறகும் உள்ளங்கையால் பாயைத் தடவிப் பார்த்தார்.

“மடிப்பு இருந்தா பந்து மூஞ்சிக்கு ஏறும். பச்சப்புள்ளைக ஆடுற எடம்” என்றார். ஆனி, ஆடியில் கம்பம் கணவாய் வழியே இறங்கும் காற்று, சரியாக அடிக்காத மேட்டைத் தூக்கிவிடும். அந்த மாதங்களில் ஆணிகளை நெருக்கி அடிப்பாராம்.

மேட் என்றால் இளப்பம் என்று நினைப்பவர்கள் உண்டு. 1959 டிசம்பரில் கராச்சியில் பாகிஸ்தானும் ஆஸ்திரேலியாவும் மோதிய டெஸ்ட் ஆட்டமே மேட்டில்தான் நடந்தது. அமெரிக்க அதிபர் ஐசனோவர் நேரில் வந்து பார்த்தார். புல்தரை பராமரிக்கத் தண்ணீரும் ஆளும் பணமும் இல்லாத ஊர்களுக்கு மேட்தான் ஆடுகளத்தின் நேர்மையைத் தருகிறது. பந்து எங்கே குத்தினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழும். கற்றுக்கொள்கிறவனுக்கு வேண்டியது அதுதான்.

மாஸ்டர் வந்ததும் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனைக் கூப்பிட்டார். எப்படிப் பிடிப்பது என்று சொல்லித் தரவில்லை. மட்டையைத் தரையில் குப்புறப் போட்டு, “கோடாரி எடுக்குற மாதிரி எடுடா தம்பி” என்றார். எடுத்தான். இரு கைகளிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் விழும் கோணங்கள் பிடியின் பின்புறம் ஒரே வரிசையில் வந்திருந்தன. “அம்புட்டுதான். இத மாத்தாத.”

பிறகு பத்துப் பன்னிரண்டு டென்னிஸ் பந்துகளைத் தானே போட்டுப் பார்த்தார். பையன் எல்லாவற்றையும் இடப்பக்கமாகவே இழுத்தான். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வந்ததைக்கூட எட்டி வளைத்து மிட்விக்கெட்டுக்கு அடித்தான். மாஸ்டர் திட்டவில்லை. “ஒங்க ஊர்ல வாய்க்கா வலது கைப்பக்கமா இருக்கா?” என்று கேட்டார். பையன் திகைத்துப்போய்த் தலையாட்டினான்.

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. அவுட் ஆகிவிடும் பயத்தில் அந்தப் பக்கம் அடிக்காமலே வளர்ந்த கை அது. கவர் டிரைவ் அவனுக்கு வராமல் போனதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை. ஆடிய நிலம் அப்படிப் பழக்கிவிட்டது. ஒரு பிள்ளையின் மட்டைவீச்சில் அவன் ஊரின் வரப்பையும் தோப்பையும் படித்துவிட்டு, அதற்கப்புறம் திருத்தத் தொடங்குவதுதான் இந்தத் தொழிலின் நுட்பம். புத்தகத்தில் உள்ள ‘தவறுகள்’ பட்டியலை வைத்துக்கொண்டு எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அச்சில் வார்க்கும் பயிற்சிகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே முதலில் காணாமல் போவது பிள்ளையின் துணிச்சல்.

லெதர் பந்தின் எடை 155.9 கிராமிலிருந்து 163 கிராம் வரை. டென்னிஸ் பந்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. டென்னிஸ் பந்து எம்பி வரும், காத்திருந்து வளைத்து அடிக்கலாம். லெதர் பந்து தாழ்வாக, வேகமாக வழுக்கிக்கொண்டு வரும். குறுக்கே வீசும் மட்டையில் அது படுவது தற்செயல். அதனால் முதல் பாடம் தடுப்பது: தலை அசையாமல், முன்கால் பந்தின் பக்கம் போய், கண்ணுக்கு நேர் கீழே, மேல்கை வழிநடத்த, நேர்மட்டையில். வலிமையான கீழ்க்கையை அடக்குவதுதான் டென்னிஸ் பந்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாடு. ஃபீல்டிங்கில் அவர்களுக்கு நல்ல அஸ்திவாரம் இருக்கிறது. ஒரு குத்துப் பந்தை ஒற்றைக் கையில் பிடித்துப் பழகியவர்கள், பந்து கைக்கு வரும்வரை பார்க்கத் தெரிந்தவர்கள். லெதர் பந்துக்குக் கையைப் பின்னால் விட்டு வாங்குவதை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

பந்துவீச்சுக்கு வந்தால், முழங்கையை மடக்கி எறிகிற ‘மாங்கா அடிக்கும்’ பழக்கம். வயல் ஆட்டத்தில் அதை யாரும் தடுப்பதில்லை. சர்வதேச விதிப்படி முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக்கூடாது. மாஸ்டர் இதற்கு ஓட விடுவதில்லை. நின்ற இடத்தில், முன்கையை உயர்த்தி, காதை ஒட்டிக் கை சுழல, மெதுவாகப் போடச் சொல்கிறார். சலிக்கிற பையன்களுக்கு நடராஜன் கதை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகியவர். முதல் ரஞ்சி ஆட்டத்துக்குப் பிறகு பந்துவீச்சு முறையில் சந்தேகம் கிளம்ப, அதைத் திருத்தி மீண்டு வந்தார். 2020 டிசம்பரில் இந்திய அணிக்காக ஆடினார், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்டில் இறங்கினார். “கைய மாத்துனாரு, யார்க்கர மாத்தல” என்கிறார் மாஸ்டர். எதைத் தொடுவது, எதை விட்டுவைப்பது என்பதில் அவருடைய கொள்கையும் அதுவே.

ஓரத்தில் காத்திருந்த பெற்றோரில் பாதிப்பேர் ஏலத்தோட்ட வேலைக்காரர்கள். விடியுமுன் ஜீப்பேறி மலைக்குப் போகிறவர்கள், விடுமுறை என்பதால் வந்திருந்தார்கள். பேடும் கிளவுஸும் ஹெல்மெட்டும் பொதுச்சொத்து. ஆடி முடித்தவர் கழற்றித் தர, அடுத்தவர் மாட்டிக்கொள்கிறார். பிள்ளைகளில் மூன்று பேர் பெண்கள். ஒருத்தியின் அம்மா, “செலக்சனுக்கு எப்பண்ணே அனுப்புவீக?” என்று மாஸ்டரைக் கேட்டார். “இந்த வருசம் வேணாம்க்கா. வெளிய போற பந்த விடப் பழகட்டும்” என்றார்.

பயிற்சி முடிந்து மேட்டைச் சுருட்டுமுன், பந்து குத்திக் குத்தி நைந்த இடத்தைப் பெரியவர் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். எத்தனை தையலுக்குமேல் தாங்கும் என்று கேட்டேன். இதற்குமேல் தைத்தால் தையலே மடிப்பாகிவிடும் என்றார். “பத்திரிகையில எழுதுறதா இருந்தா, மேட்டு ஒண்ணு வேணும்னு எழுதுங்க சார். 22 கஜம் முழுசா இருக்கணும். ஓரத்துல வளையம் நெருக்கமா இருக்கணும், காத்துக்கு.”